1928-இல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் கடை (மொன்றியல்) எப்படி இன்னும் நிற்கிறது?

துளசி, ரொறன்ரோ:

எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் நகர வரலாறு பற்றி ஒரு பாடம் படிக்கிறேன். பழைய உணவுக்கடை ஒன்றைத் தெரிவு செய்து, அது எப்படி இவ்வளவு காலம் நிலைத்தது என்று கட்டுரை எழுத வேண்டும். நான் எடுத்தது மொன்றியல் சென் லோரான் வீதியில் உள்ள ஷ்வார்ட்ஸ். போன கோடையில் மாமா வீட்டுக்கு வந்தபோது அங்கே சாப்பிட்டேன். வாசலில் நீண்ட வரிசை, உள்ளே நெருக்கம், முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசை. றை பாணுக்குள் அடுக்கிய அந்த ஸ்மோக்ட் மீற் (புகையூட்டிய மாட்டிறைச்சி) சான்ட்விச் எனக்குச் சரியாகப் பிடித்துவிட்டது.

ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தியதால்தான் கடை நிலைத்தது என்று எழுதத் தொடங்கினேன். ஆசிரியர் வாசித்துவிட்டு, “குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறாய், பார்த்துவிட்டு எழுது” என்றார். மொன்றியலில் கனகாலம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். கடை யார் யார் கையில் இருந்தது? அந்த இறைச்சியில் அப்படி என்ன விசேசம்?

நிலவன்:

இப்போது அது பாடகி செலின் டியோன் ஆட்களின் கடை அல்லவா? 2012-இல் வாங்கினார்கள் என்று செய்தியில் வந்தது ஞாபகம். அதற்கு முந்தைய கதை எனக்குத் தெரியாது. சிவா அண்ணை இந்தப் பக்கம் வந்தால் சொல்வார். அவர் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்.

சிவா, கோட் டெ நெய்ஜ்:

தங்கச்சி, உங்கள் ஆசிரியர் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். ஷ்வார்ட்ஸ் ஒருநாளும் அப்பனிடமிருந்து மகனுக்குப் போன கடை இல்லை. எனக்கு அந்தக் கடையில் பிடித்த விசயமே அதுதான்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் ஷ்வார்ட்ஸில் வேலை செய்தவன் இல்லை. எண்பதுகளின் கடைசியில் வந்து, வேறொரு ஸ்மோக்ட் மீற் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு இறைச்சி வெட்டுமேசைக்குப் போனவன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கனபேர் இந்த நகரத்துச் சாப்பாட்டுக்கடைகளின் பின்பக்கத்தில்தான் நின்றோம். ஆகவே நான் சொல்வது கத்தி பிடித்தவன் பார்வையில் இருக்கும்.

சரி, கடை யார் யார் கையில் இருந்தது என்று பார்ப்போம். தொடங்கியவர் ரூபன் ஷ்வார்ட்ஸ், ருமேனியாவில் இருந்து வந்த யூதர். அவருக்குப் பிறகு கடை மொறிஸ் ஸ்பிரிகர் என்பவர் கைக்கு வந்தது. அவர் யார் தெரியுமா? வயலின் கலைஞர்! இன்றைய உக்ரைனில் பிறந்தவர், இசையமைப்பாளர், வாத்தியக்குழு நடத்தியவர். ஒரு பக்கம் இறைச்சிக்கடை, மறுபக்கம் கச்சேரி. வயது போன காலத்திலும் சனங்களுக்கு இலவசமாகக் கச்சேரி வைத்தார். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தது. கிடைத்தால் பாருங்கள், உங்கள் கட்டுரைக்கு உதவும்.

அவர் 1981-இல் இறந்தார். கடை போனது அவரைக் கவனித்துக்கொண்ட ஆர்மான்ட் டூபன் சார்ட்ரான் என்ற பிரெஞ்சுக் கனேடியப் பெண்மணிக்கு. மொன்றியல் யூதர்களின் பேர்போன இறைச்சிக்கடைக்கு ஒரு பிரெஞ்சுக்காரம்மா முதலாளி. 1999-இல் அதை வாங்கியவர் ஹை டயமண்ட், அந்தக் கடையின் கணக்காளர். வருசக்கணக்காகக் கடையின் வரவு செலவைப் பார்த்தவர் கடைசியில் கடையையே வாங்கிவிட்டார். பிறகு 2012-இல் நிலவன் சொன்ன விற்பனை. அது தனியே செலின் டியோன் வாங்கியது இல்லை. அவருடைய கணவர் ரெனே ஆன்ஜெலில், உணவகத் தொழிலில் இருக்கும் நாக்கிஸ் குடும்பம் எல்லாம் சேர்ந்த கூட்டு. அப்போது இந்த நகரமே பதறியது. சந்திக்குச் சந்தி ஷ்வார்ட்ஸ் திறந்து பேரைக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்தோம். அப்படி நடக்கவில்லை. பொதி செய்த இறைச்சி பேரங்காடிக்கு வந்தது உண்மை. ஆனால் உட்கார்ந்து சாப்பிடுகிற கடை அதே 3895 சென் லோரானில், அதே நெருக்கத்தோடு இருக்கிறது.

ருமேனிய யூதர், வயலின்காரர், பராமரித்த பெண்மணி, கணக்காளர், பிறகு ஒரு கூட்டு நிறுவனம். இவர்களுக்குள் இரத்த உறவு எங்கே இருக்கிறது? ஆனால் ஒவ்வொருவரும் வந்தபோது ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள்: இறைச்சி செய்கிற முறையில் கை வைக்கவில்லை. கடை நின்றதற்கு நான் சொல்லும் காரணம் அது. முதலாளி மாறினாலும் வேலை மாறவில்லை, வேலை தெரிந்தவர்களும் கடையை விட்டுப் போகவில்லை.

இனி அந்த வேலையைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்மோக்ட் மீற்றுக்கு எடுப்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. கடினமான, மலிவான பகுதி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அதைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. பன்றி அவர்களுக்கு விலக்கு. மாட்டின் பின்பகுதியில் சில நரம்பும் கொழுப்பும் எடுக்காமல் சாப்பிடக்கூடாது என்பது அவர்களின் சட்டம். அதை எடுப்பது பெரிய வேலை என்பதால் பின்பகுதியை அநேகமாக மற்றவர்களுக்கு விற்றுவிடுவார்கள். மிச்சம் முன்பகுதி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் அதை உப்பும் மசாலாவும் பூசி வைத்தால்தான் கெடாமல் இருக்கும். ருமேனியாவில் வாத்திறைச்சியை அப்படிப் பதப்படுத்தினார்கள். இந்தக் கண்டத்துக்கு வந்ததும் மாடு மலிவாகக் கிடைத்தது, மாட்டுக்கு மாறினார்கள். நியூயோர்க்கில் அது பாஸ்ட்ராமி ஆனது, மொன்றியலில் ஸ்மோக்ட் மீற். எங்களுடையதில் சீனி குறைவு, மிளகும் கொத்தமல்லி விதையும் உள்ளியும் தூக்கல்.

ஷ்வார்ட்ஸில் மசாலா பூசிய இறைச்சி 10 நாள் ஊறுகிறது. பிறகு புகையடுப்பு. அதன்பின் பரிமாறுவதற்கு முன்னால் மூன்று மணித்தியாலம் அளவில் நீராவியில் வேகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தைச் சனம் கவனிப்பதில்லை, எல்லோரும் புகையைப் பற்றித்தான் கதைப்பார்கள். நெஞ்சிறைச்சி முழுக்கத் தடித்த இணைப்புத் திசு. மெல்லிய சூட்டில் ஈரத்தோடு நேரமெடுத்து வெந்தால்தான் அது கரைந்து வழுவழுப்பாகும். அவசரப்பட்டால் செருப்புத் தோல்தான்.

அடுத்தது வெட்டு. நெஞ்சிறைச்சியில் இரண்டு தசைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும், நடுவில் கொழுப்புப் படை. கீழே தட்டையானது, கொழுப்புக் குறைந்தது. மேலே திரண்டது, கொழுப்புக் கூடியது. இரண்டின் நாரும் வேறு வேறு திசையில் ஓடும். நாருக்குக் குறுக்கே வெட்டினால் வாயில் உதிரும், நாரோடு போனால் கயிறு மாதிரி இழுபடும். ஆகவே வெட்டுபவர் இரண்டு பல் முள்ளால் துண்டை அழுத்திப் பிடித்து, வெட்ட வெட்டத் திருப்பிக்கொண்டே போவார். எந்த இடத்தில் திருப்புவது என்பதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, மேலே கறுத்த மசாலா மூடியிருக்கும். கத்தி போகிறபோது கையில் தெரியும். எனக்கு அது பிடிபட ஒரு முழுக் குளிர்காலம் போனது. ஆவிப்பெட்டியில் இருந்து எடுத்த இறைச்சி கையைச் சுடும், அந்தச் சூட்டோடு வெட்ட வேண்டும். ஆறினால் கொழுப்பு இறுகி ருசி போய்விடும். மெசினில் போட்டால் சூடான இறைச்சி பொடிப்பொடியாகும். மெசினுக்கு வசதியாக ஆறவைத்து, தாள் மாதிரிச் சீவிப் பிறகு சூடாக்கும் கடைகளும் இருக்கின்றன. அதையும் சாப்பிடலாம்தான், ஆனால் இது வேறு சாமான்.

நீங்கள் “மீடியம்” என்று கேட்டால், அந்த இரண்டு தசையும் சேரும் இடத்தில் வெட்டி அடுக்குவார்கள். “லீன்” கேட்டால் கீழ்த்தட்டு, “ஃபற்” கேட்டால் மேல்தட்டு. ஒருவர் ஒரு நெஞ்சிறைச்சியை முன்னால் வைத்துக்கொண்டு, வருகிற ஓடருக்கு ஏற்ற மாதிரி வேறு வேறு இடத்தில் கத்தி வைத்து, கடைசியில் வீண் இல்லாமல் முடிக்க வேண்டும். இந்தக் கையை எந்தப் புது முதலாளியும் காசு கொடுத்து ஒரு நாளில் வாங்க முடியாது. பழையவர் பக்கத்தில் புதியவர் நின்று பழக வேண்டும். 1928-இல் இருந்து இன்றுவரை அந்த மேசையில் அப்படித்தான் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றிருக்கிறார்கள். நீங்கள் தேடுகிற தலைமுறைத் தொடர்ச்சி அங்கேதான் இருக்கிறது, தங்கச்சி.

வசந்தி அக்கா, லவால்:

சிவா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளை சென் லோரான் வீதிக்கு நடைப்பயணம் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். மொன்றியல் வீதி இலக்கங்கள் கிழக்கு மேற்கு என்று பிரிவது அந்த வீதியில்தான். கிழக்கே பிரெஞ்சு, மேற்கே ஆங்கிலம் என்று நகரம் பிரிந்து கிடந்தது. வந்தேறியவர்கள் இரண்டுக்கும் நடுவில் அந்த வீதியில் குடியேறினார்கள். யூதர்கள், பிறகு போர்த்துக்கேயர். சுற்றிலும் தையல் தொழிற்சாலைகள். ஷ்வார்ட்ஸ் திறந்த காலத்தில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்து மொன்றியலில் அதிகம் பேசப்பட்ட மொழி யிடிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி.

பிறகு யூதக் குடும்பங்கள் வசதி வந்து மேற்குப் பக்கம் போனார்கள். சிவா இருக்கிற கோட் டெ நெய்ஜும் அவர்கள் போய்க் குடியிருந்த இடம்தான். பிறகு அங்கே தமிழர் நாங்கள் வந்தோம். வீதியை விட்டு அந்தச் சனம் போன பிறகும் கடை நின்றதென்றால், புதிதாக வந்த மற்றவர்கள் சாப்பிட வந்ததால்தான். போர்த்துக்கேயர் வாடிக்கையாளராகவும் வந்தார்கள், கடைக்குள்ளே வேலைக்கும் போனார்கள். துளசி, இதையும் கட்டுரையில் போடுங்கள். வேலை தெரிந்தவர்கள் மட்டும் போதாது, பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் மாறும்போது கடை அவருக்கும் கதவு திறக்க வேண்டும்.

துளசி, ரொறன்ரோ:

அண்ணா, அக்கா, கனக்க நன்றி. முன்னுரையைத் திருப்பி எழுதப் போகிறேன். இன்னொரு கேள்வி. அப்படியானால் குடும்பம் நடத்திய கடைகள் என்ன ஆயின? பென்ஸ் என்று ஒரு கடை இருந்ததாம், ஷ்வார்ட்ஸை விடப் பழையதாம். அது ஏன் மூடியது?

சிவா, கோட் டெ நெய்ஜ்:

பென்ஸ் 1908-இல் தொடங்கியது. பென் கிராவிட்ஸ் லித்துவேனியாவில் இருந்து வந்தவர், மனைவி ஃபனியும் அவரும் சேர்ந்து நடத்திய கடை, பிறகு பிள்ளைகள். நகர மத்தியில் மெசொன்நவ் வீதியும் மெட்காஃப் வீதியும் சந்திக்கிற மூலையில் வளைந்த முகப்போடு நின்றது. இரவிரவாகத் திறந்திருக்கும். வேலை முடித்து வருகிற எங்களுக்கும், கூத்து முடிந்து வருகிற நடிகர்களுக்கும், கவிஞர்களுக்கும் அங்கே சாப்பாடு கிடைக்கும். மஞ்சள் வெளிச்சம், குரோம் விளிம்பு மேசைகள், சுவர் முழுக்க வந்துபோன பிரபலங்களின் கையெழுத்துப் படங்கள். லெனார்ட் கோயனும் அங்கே வந்திருக்கிறார்.

2006 யூலையில் வேலையாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றவர்களில் அங்கேயே தலை நரைத்தவர்கள் இருந்தார்கள். அந்த டிசம்பரில் குடும்பம் கடையை மூடிவிட்டது. 2008-இல் கட்டடத்தையும் இடித்தார்கள். கடைப் பொருட்கள் சில மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஒரு வேலைநிறுத்தத்தால் மட்டும் ஒரு கடை சாகும் என்று நான் சொல்ல மாட்டேன். நகர மத்தியின் இரவு வாழ்க்கை அதற்கு முன்பே மெலிந்திருந்தது. ஆனால் கத்தி பிடிக்கிறவனும் கோப்பை தூக்குகிறவனும் வாசலுக்கு வெளியே ஐந்து மாதம் நின்றால் உள்ளே என்ன மிச்சம்? பெயர்ப்பலகை மட்டும்தான். இதை நான் மனதில் இருந்து சொல்கிறேன். சாப்பாட்டுக்கடை வரலாறு எழுதுகிறவர்கள் முதலாளி பெயரோடு நிறுத்திவிடுவார்கள். நீங்களாவது அப்படிச் செய்யாதீர்கள்.

நிலவன்:

அண்ணை, ஆனால் விலென்ஸ்கீஸ் குடும்பக் கடைதானே? அது இன்னும் ஓடுகிறதே.

சிவா, கோட் டெ நெய்ஜ்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் நிலவன். விலென்ஸ்கீஸ் 1932-இல் மோ விலென்ஸ்கி தொடங்கியது. ஃபேர்மவுண்ட் வீதியில் இருக்கிறது. குடும்பம்தான் நடத்தி வந்திருக்கிறது, மோவுக்குப் பிறகு மனைவி ரூத், மகள் ஷரன். சலாமியும் பொலோனியும் (இரண்டும் சொசேஜ் வகை இறைச்சி) வட்டப் பாணுக்குள் வைத்து அழுத்திச் சுட்டுத் தருவார்கள், அதற்கு “ஸ்பெசல்” என்று பெயர். கடுகு கட்டாயம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டாக வெட்டித் தரவும் மாட்டார்கள். நான் போனபோது எனக்கு முன்னால் நின்றவர் பிள்ளைக்காகப் பாதியாக வெட்டித் தரச் சொல்லிக் கேட்டார். சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

ஆகவே குடும்பம் என்றால் கடை அழியும் என்று நான் சொல்லவில்லை. விலென்ஸ்கீஸில் அடுப்புக்குப் பின்னால் நின்றதும் அந்தக் குடும்பமே. கடை சிறிது, கதிரையும் ஒரு சில. முதலாளியும் வேலையாளும் ஒரே ஆள் என்றால் கைப்பழக்கம் தானாகவே பிள்ளைக்குப் போகும். ஷ்வார்ட்ஸ் அளவில் இறைச்சி போகிற கடையில் அது நடக்காது, வேலையாட்களை வைத்திருக்கத் தெரிய வேண்டும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் உங்கள் கட்டுரை நிற்கும், துளசி. பென்ஸை மூன்றாவதாக வையுங்கள்.

குகன், மார்க்கம்:

குறுக்கே ஒரு கேள்வி. நாங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வந்து ஷ்வார்ட்ஸ் போக வேண்டும் என்று நிற்கிறார்கள். எங்களுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா? இன்னொன்று, எங்களோடு வரப்போகிற முஸ்லிம் நண்பர் அது யூத முறைப்படி அறுத்த இறைச்சியா என்று கேட்டார்.

வசந்தி அக்கா, லவால்:

பெயர்ப்பலகையில் “ஹீப்ரு” என்று இருந்தாலும் அது யூத மதகுருவின் மேற்பார்வையில் நடக்கிற கடை இல்லை குகன். யூதப் பாணிச் சாப்பாடு, அவ்வளவுதான். அந்த நண்பருக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்று சங்கடப்பட வேண்டாம்.

இறைச்சியே வேண்டாதவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்குப் பொரியல், கோவா சலாட், ஊறவைத்த வெள்ளரிக்காய், ஊறவைத்த சிவப்பு மிளகாய், கறுப்புச் செரிச் சோடா. பொரியலை எதில் பொரிக்கிறார்கள் என்று ஓடர் கொடுக்க முன் கேளுங்கள். நானும் மாடு சாப்பிடுவதில்லை. பிள்ளைகளோடு போனால் வெள்ளரிக்காயும் சோடாவும் எடுத்துக்கொண்டு இருப்பேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

துளசி, ரொறன்ரோ:

அண்ணா, அடுத்த மாதம் இதற்காகவே ஒருக்கா மொன்றியல் வருகிறேன். கடையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிவா, கோட் டெ நெய்ஜ்:

சனி ஞாயிறு மத்தியானம் வராதீர்கள், வரிசையிலேயே நாள் போய்விடும். கிழமை நாளில் பின்னேரம் மூன்று மணி போல வாருங்கள். வெளியே நிற்கும்போது கண்ணாடிக்குள் அடுக்கி வைத்த இறைச்சியைப் பாருங்கள், மேலே அந்தக் கறுத்த மேலோட்டில் உடைத்த மிளகும் கொத்தமல்லியும் தெரியும். உள்ளே போனதும் மேசையை விட முன்பக்கத்து உயர்ந்த இருக்கை கிடைத்தால் அதை எடுங்கள், அங்கிருந்து வெட்டுபவரின் கை வடிவாகத் தெரியும். அவர் துண்டைத் திருப்புகிற இடத்தைக் கவனியுங்கள். ஒரே இறைச்சியில் இருந்து லீன் ஒன்று, மீடியம் இரண்டு என்று எப்படிக் கத்தியை மாற்றி வைக்கிறார் என்று பாருங்கள். அதைக் குறிப்பெடுத்தால் புத்தகத்தில் இல்லாத ஒன்று உங்கள் கட்டுரையில் இருக்கும்.

மீடியம் கேளுங்கள். கடுகு போதும், வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம். ஆற விடாமல் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் குறைந்திருந்தால் அவரிடம் யாரிடம் வெட்டப் பழகினீர்கள் என்று கேளுங்கள். முதலாளி பெயரைச் சொல்ல மாட்டார், பாருங்கள். அப்புறம் அங்கிருந்து வடக்கே நடந்தால் போர்த்துக்கல் பூங்கா வரும், அதையும் தாண்டிப் போனால் ஃபேர்மவுண்ட் வீதி, அதில் இடப்பக்கம் திரும்பினால் விலென்ஸ்கீஸ். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். வருகிற திகதியைத் தனிமடலில் எழுதுங்கள், வேலை இல்லாத நாளென்றால் நானும் வருகிறேன்.